அப்பா என்னிடம் வாங்காத ஆயில் ஃபில்டர்

என் அப்பா ஆயில் ஃபில்டர் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். ஆனால் என்னிடம் வாங்கமாட்டார்.

ஊட்டியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இறங்கும் ரோட்டில் இருக்கிறது அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நீளமான ஒரே கவுண்டர். உள்கோடியில், கம்ப்யூட்டர் பக்கம் நான். வாசல் கோடியில் அவன். என் வயதுதான் அவனுக்கும். ஜெகதளாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன், எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன். அப்பா மழைக்கோட்டை வாசலில் உதறிவிட்டு உள்ளே வருவார். கையில் பழைய ஃபில்டர், எண்ணெய் ஒழுகாமல் தினத்தாளில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பை. வந்ததும் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார், தெரிந்த கண்டக்டரைப் பார்த்ததுபோல. பிறகு நேராக அவனிடம் போய் நிற்பார்.

"வாங்கப்பா. உங்க ஊர்ல, கிளென்மார்கன்ல, மழை விட்டுதா?"

அவன் என் அப்பாவை அப்பா என்று கூப்பிட்டான். நான் கடையில் அவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "சொல்லுங்க சார்" என்று பழகிய வாய்க்கு அங்கே வைத்து "அப்பா" வரவில்லை. அவரைப் போய் சார் என்றும் சொல்ல முடியாது. அதனால் சும்மா நின்றேன். அந்தச் சும்மாவுக்குள் அவன் புகுந்துகொண்டான்.

அவன்மேல் எனக்கு இருந்தது பொறாமை என்று அப்போது சொல்லியிருக்கமாட்டேன். அவனுக்கு வேலை சரியாகத் தெரியாது, அதுதான் என் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அம்மா டீச்சர், அப்பா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் பியானோ இல்லாவிட்டாலும் கீபோர்டு உண்டு, சர்ச்சில் பாடுவான். படகர்கள் வந்தால் அவர்கள் படுகு மொழியிலேயே பேசுவான், கூடலூர்க்காரர்கள் வந்தால் மலையாளத்துக்குத் தாவிவிடுவான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் செய்த கேக் கொண்டுவந்து கஸ்டமர்களுக்கும் வெட்டிக் கொடுப்பான். எனக்குத் தமிழும், கல்லூரியில் படித்த இங்கிலீஷும். அந்த இங்கிலீஷைக் கடையில் யாரும் கேட்டதில்லை.

எனக்கு இருந்தது எண்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதலில். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். அப்பா ஒரு இலை ஏஜெண்டின் பிக்கப் ஓட்டுகிறார். சின்னச் சின்னத் தோட்டங்களில் பச்சை இலை மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரியில் இறக்கும் வண்டி. அப்பா கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் எழுத்தோடு பழக்கம் இல்லை. நான் கணக்கில் பட்டம் வாங்கினேன். வாங்கிவிட்டு இந்தக் கவுண்டருக்கு வந்தபோது முதல் மாதம் வெட்கமாக இருந்தது. பிறகு பார்ட் நம்பர்களைப் பார்த்தேன்.

கார் கம்பெனிகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் வைக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டிய மாதிரி இருக்கும். உண்மையில் அது பின்கோடு மாதிரி. முதல் சில இலக்கம் எந்த மாவட்டம் என்று சொல்லும்: இஞ்சினா, பிரேக்கா, கதவா. நடுவில் வருவது எந்த ஊர், அதாவது எந்த மாடல். கடைசியில் ஒரு எழுத்து நின்றால், அந்தப் பொருளைப் பிறகு ஒருமுறை திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கம்பெனி நடுவில் கோடு போடும், இன்னொன்று மூச்சுவிடாமல் ஒரே நீளமாக எழுதும். ஃபில்டர் மட்டும் செய்கிற கம்பெனிகளோ தங்களுக்கென்று தனியாகச் சின்ன எண் வைத்துக்கொள்ளும். வண்டிக் கம்பெனியின் எண்ணுக்கு ஃபில்டர் கம்பெனியின் எண் எது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியல் உண்டு. திருத்தம் வந்தால் பழைய எண் செத்துவிடும். கம்ப்யூட்டரில் அதை அடித்தால் "இதற்குப் பதில் இது" என்று புது எண்ணைக் காட்டும்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது நானே உட்கார்ந்து கண்டுபிடித்தது. ஒரு எண்ணைப் பார்த்ததும் அது எந்த வண்டியின் எந்த வயிற்றுக்குள் போகும் என்று தெரிந்தால் வருகிற சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அவனிடம் ஒருமுறை சொன்னேன். "நீ இருக்கறப்ப நான் எதுக்குடா மாப்ள படிக்கணும்?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் முதலாளி நடுவட்டத்தில் ஒரு சின்னக் கிளை போட முடிவு செய்தார். கூடலூர் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் பிக்கப்பும் ஓயாமல் போகிற இடம். முதலாளி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், நிதானமாகப் பேசுவார். எங்கள் இருவரையும் நிற்கவைத்தே சொன்னார்.

"ரெண்டு பேருமே நல்ல பசங்கதான் கண்ணு. யாரு அங்க போறதுன்னு ஏப்ரல் சீசனுக்குள்ள பாத்துச் சொல்றேன்."

நடுவட்டம் என்றால் நான் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஊட்டியில் சுவரெல்லாம் ஈரம் பூத்த ஒரு வாடகை அறையில் இருந்தேன். துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாது. ஆனால் அதற்காக மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை யார் கையிலும் ஒரு கடைச் சாவி இருந்ததில்லை. அம்மா அப்பா வேலை செய்கிற அதே ரோட்டில், ஷட்டரை நான் தூக்கித் திறப்பதை அவர்கள் பார்க்கவேண்டும். அது எனக்கு வேண்டியிருந்தது. அவனுக்கும் வேண்டியிருந்ததா என்று தெரியாது. அவன் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் அவனிடம் தானாக வந்தது, என் அப்பா உட்பட.

டிசம்பர் கடைசியில் லீவு போட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல உறைபனி. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. விடிந்ததும் அப்பா பிக்கப்பைக் கிளப்பினார். சாவியைத் திருப்பியதும் இஞ்சினுக்குள் யாரோ தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம். மீட்டரில் ஆயில் விளக்கு சிவப்பாக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து விளக்கு அணைந்தது, சத்தமும் அடங்கியது. அடுப்படியிலிருந்து அம்மா, "கிளம்பிட்டாரு" என்றாள். அந்தக் கடகடதான் அவளுக்குக் கடிகாரம்.

நான் வெளியே வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஃபில்டர் படுக்கைவாட்டில் இருந்தது. அதன் மேலிருந்த எண்ணைத் துடைத்துப் படித்தேன். எனக்குத் தெரிந்த எண். வேறொரு இஞ்சினுக்கானது, ஃபில்டர் நேராக நிற்கிற இஞ்சினுக்கு.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் மலையில் யாரும் நம்பர் சொல்லிப் பொருள் கேட்பதில்லை. பழசைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து "இதே மாதிரி ஒண்ணு" என்பார்கள். மரை பொருந்துகிறதா, ரப்பர் வளையம் சரியாக உட்காருகிறதா, அவ்வளவுதான். எப்போதோ ஒருநாள் யாரோ தப்பான ஃபில்டரை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மரை பொருந்திவிட்டது. அதைக் கழற்றி அதே மாதிரி ஒன்று, அதைக் கழற்றி அதே மாதிரி இன்னொன்று. வருஷக்கணக்காக ஒரு தப்பு தன்னையே மாதிரியாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அப்பாவுக்கு அதைக் கடைசியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குளிரில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன்.

வண்டியின் சேஸிஸ் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு வந்து கடையில் பார்த்தேன். நான் நினைத்தது சரி. அதே மரை, அதே வளையம், அதே உயரம், கடைசி இலக்கங்கள் மட்டும் வேறு. சரியான ஃபில்டரின் வாய்க்குள் பார்த்தால் சின்ன ஓட்டைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் தட்டு தெரியும். வண்டி நிற்கும்போது அது மூடிக்கொண்டு எண்ணெயை உள்ளேயே பிடித்து வைக்கும். வாய் மேலே பார்க்க நேராக நிற்கிற ஃபில்டருக்கு அது தேவையில்லை, அதனால் அப்பாவின் ஃபில்டரில் அந்தத் தட்டு இல்லை. இரவெல்லாம் எண்ணெய் வடிந்து கீழே போய்விடும். காலையில் எண்ணெய் ஏறிவரும்வரை இஞ்சின் காய்ந்த தொண்டையோடு ஓடும். அதுதான் கடகட.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதை அப்பாவிடம் சொன்னேன். படம் போட்டும் காட்டினேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"அந்தச் சத்தம் வண்டி கைக்கு வந்த நாள்லருந்து இருக்குடா. டீசல் வண்டின்னா அப்படித்தான்."

"அப்படி இல்லப்பா. நம்பரே வேற. நான் எடுத்துட்டு வந்து தரேன்."

"ஓடுற வண்டில கை வைக்காத. ஏஜெண்டு வண்டி." வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "அந்தத் தம்பி குடுத்தது இதுவரைக்கும் பொருந்திருச்சுல்ல? அது சொல்லட்டும், போடுறேன்."

அம்மா என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். நான் சாப்பிடவில்லை.

அப்பாவின் இஞ்சின் கெடுவதை ஒரு ஃபில்டரை வைத்து நிறுத்த முடியும். ஆனால் அந்த ஃபில்டர் அவன் கையால் போகவேண்டும். இரண்டு நாள் இதை மனதுக்குள் போட்டு உருட்டினேன். மூன்றாம் நாள், கடையில் ஆள் இல்லாத நேரம், டப்பாவை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"எங்கப்பா வந்தா இதக் குடு. பழசப் பாத்து எடுக்காத, இதுதான் சரி. உள்ள ரப்பர் தட்டு இருக்கு பாரு, ஆன்டி டிரெய்ன் பேக் வால்வு." அது என்ன செய்யும், ஏன் செய்யும், அவர் வண்டிக்கு ஏன் வேண்டும் எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீயே குடுக்கவேண்டியதுதானடா. உங்கப்பாதானே?"

"எங்கிட்ட வாங்கமாட்டாரு."

"ஏன்டா?"

"அதான் உங்கிட்டயே வராரே. நீயே கேளு."

"அதுக்கு ஏன்டா மூஞ்சிய பாவக்கா மாதிரி வச்சிருக்க?" என்று சிரித்தான். அவன் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்பா வந்தார். மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பை, எனக்கொரு தலையசைப்பு. நான் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவதுபோல நின்றேன். முதலாளி கல்லாவில் இருந்தார்.

"இந்தத் தடவ இதப் போடுங்கப்பா" என்றான் அவன். புது ஃபில்டரை அப்பாவின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். "உள்ள பாருங்க. கறுப்பா ரப்பர் தெரியுதா?"

"ம்."

"நீங்க வெத்தல போட்டுட்டு பஸ்ஸுல ஜன்னல் கிடைக்காம உக்காந்திருக்கீங்க. எச்சிய என்ன பண்ணுவீங்க?"

"அடக்கி வச்சுக்குவேன்."

"அதேதான். ராத்திரி பூரா எண்ணெய வாய்லயே அடக்கி வச்சுக்கும். காலைல சாவி போட்டதும் ரெடியா இருக்கும். பழசு எல்லாத்தயும் துப்பிட்டுத் தூங்கிடும்."

அப்பா சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். நான் படம் போட்டுக் காட்டியபோது சிரிக்கவில்லை. என் வால்வு, என் நம்பர், என் அப்பா, மூன்றும் அவன் பக்கம் இருந்தன. அந்த வெற்றிலை எச்சில் எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர் வெற்றிலை போடுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். பஸ்ஸில் அந்த எச்சிலோடு என் பக்கத்தில் ஜன்னல் இல்லாமல் உட்கார்ந்து வந்தவர் அவர். அன்று முழுக்க இதுதான் என் மனதை அரித்தது.

ஜனவரியில் பனி இன்னும் இறுகியது. ஒருநாள் அப்பா எதுவும் வாங்க வேண்டியில்லாமலே கடைக்கு வந்தார். கையில் பை, பை நிறைய லைனுக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த உருளைக்கிழங்கு. நேராக அவனிடம் போனார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினார். வீட்டில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"சாவியத் திருப்புறேன், சத்தமே இல்ல தம்பி! எங்க ஊட்டுக்காரி வண்டி கிளம்பலன்னு நெனச்சு டீய எடுத்துட்டு வெளிய வந்துட்டா. நான் கியர் போட்டு நகந்ததும் அவ டம்ளரோட ஓடி வர்றா!"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் எழுந்து வந்தார். அப்பா பையை அவன் கையில் திணித்தார். எனக்கு எதுவும் கொண்டுவரவில்லை. மகனுக்கு யாராவது கடைக்கு வந்து உருளைக்கிழங்கு கொடுப்பார்களா? அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, உங்கப்பாவே அவங்கிட்டத்தான் வாங்கறாருங்கறேன்!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு ஒரு நொடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவட்டம் என் கையைவிட்டுப் போனது அந்த நொடியில்தான்.

அப்போது அவன் சொன்னான். "இல்லீங்க. நம்பர் எடுத்தது இவன்தாங்க. எனக்கு அந்த ஃபில்டரே தெரியாது. வண்டிக்கு அடில படுத்துப் பாத்து எடுத்திருக்கான்."

சொல்லவேண்டும் என்று அவனுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவ்வளவுதான் இவன் என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அதையும் அவன் விட்டுவைக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். பிறகு அவனிடம் திரும்பி, "கிழங்கு அலசவேண்டியதில்ல தம்பி, அப்படியே அவிக்கலாம்" என்றார்.

சீசனுக்கு முன்னால் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடுவட்டத்துக்கு அவன் போகிறான் என்றார். "நீ இங்க இருந்தாத்தான் கண்ணு ரெண்டு கடையும் ஓடும். அவன் ஆளப் புடிச்சுக்குவான், நீ நம்பரப் புடிச்சுக்குவ." என்னைப் பாராட்டுவதாகவே நினைத்துச் சொன்னார். நான் சரிங்க என்றேன். கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தேன். திரையில் ஏதோ ஒரு எண்ணுக்கு "இதற்குப் பதில் இது" என்று நின்றிருந்தது. அதை உடனே மூடினேன்.

அடுத்தமுறை வீட்டுக்குப் போனபோது சேதியைச் சொன்னேன். அப்பா எழுந்து வண்டியைக் கழுவப் போனார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"உங்கிட்ட வாங்குனா, மகன் அப்பனுக்கு சும்மா எடுத்துக் குடுக்குறான்னு பேச்சு வருமாம். மொதலாளி கண்ணுக்கு முன்னால வேற ஆளுகிட்டயே வாங்கிருவோம்னு சொல்லிட்டிருந்தாரு. உன் வேலைக்குக் கெட்ட பேரு வரக்கூடாதாம்."

"அப்பாவா சொன்னாரு?"

"பின்ன யாரு?"

அவர் என்னிடம் சொன்னதில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நேரத்துக்குச் சேர்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா பிக்கப்பின் டயரை விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். அம்மா சொன்னது உண்மையாக இருந்தால், நடுவட்டம் போனது எனக்காக அவர் பார்த்துப் பார்த்துச் செய்த காரியத்தால். பொய்யாக இருந்தால், அவருக்கு உண்மையிலேயே அவனைத்தான் பிடிக்கும். இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்குத் தூக்கம் வராது. கேட்கவில்லை.

இப்போது அவன் நடுவட்டத்தில் இருக்கிறான். நான் இங்கே எண்களை எடுத்து, டப்பாவின் மேல் மார்க்கரில் எழுதி, கூடலூர் பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். அவன் தினமும் போன் பண்ணுவான். அங்கே கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறானாம், டீ வாங்கி வந்து அதில் உட்கார்ந்துதான் டிரைவர்கள் ஃபில்டர் வாங்குகிறார்களாம். அப்பா போகும்போதும் வரும்போதும் அங்கே நிறுத்துகிறார். இதை அவன்தான் சந்தோஷமாகச் சொல்கிறான். எனக்கு வயிறு எரியும். அவன் நல்லவன் என்று தெரிந்த பிறகும் எரிகிறது, அம்மா அப்படிச் சொன்ன பிறகும் எரிகிறது. அது குறையும் என்று கொஞ்ச நாள் காத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அப்பாவின் ஃபில்டருக்குத் திருத்தம் வந்தது. பழைய எண் போய், கடைசியில் ஒரு எழுத்தோடு புது எண். ரப்பரை இன்னும் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். பார்சலில் ஒன்றை அனுப்பி, அப்பா வந்தால் கொடுக்கச் சொன்னேன். இன்று காலை போன் வந்தது.

"அப்பா பக்கத்துலதான்டா இருக்காரு. டப்பா வேற மாதிரி இருக்குங்கறாரு. பேசு."

பின்னால் பஸ் ஹாரன். பிறகு அப்பாவின் குரல்.

"டேய், சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா."

"இது நீ அனுப்புனதா? கடைசில ஏதோ எழுத்து இருக்குன்னு தம்பி சொல்லுது."

"ஆமாப்பா. அதே ஃபில்டர்தான், கம்பெனில இன்னும் நல்லாப் பண்ணியிருக்காங்க. போடலாம்."

"பொருந்துமா?"

"நான் பாத்துட்டேன்ப்பா. பொருந்தும்."

"சரி. நீ சொன்னா சரிதான்" என்றார்.

எங்கள் வீட்டில் அவர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. நான் போனைக் காதோடு இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டேன், மேலே ஏதாவது சொல்வார் என்று. அவர் போனை வைக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி, மெதுவாக, ஆனால் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"போடலாமா தம்பி?"

"போடலாம்ப்பா" என்றான் அவன்.